மூன்றாவது பெட்டியில் எழுந்தவன்

காலை ஐந்தரை மணி, ஆறு பெட்டி, பெயர் மோகன்ராம். போனில் சொன்னது இவ்வளவுதான், சார். எங்கள் தொழிலில் நாங்கள் முதலில் கேட்பதும் இந்த மூன்றையும்தான். எத்தனை மணிக்கு வேண்டும், எத்தனை பெட்டி, பெயர் என்ன. அதிலும் எத்தனை பெட்டி என்று கேட்பது ஒரு பேச்சுக்குத்தான். எல்லோரும் ஒன்று என்பார்கள். ஒரே ஒருமுறை இரண்டு என்றார்கள், அது கார் விபத்து. ஆறு என்றதும் நான் படுக்கையை விட்டு எழுந்துவிட்டேன்.

"ஆறு பேருங்களா?" என்றேன்.

"ஆமா சார், ஆறு பேர். அதுல ஒருத்தர் கேப்டன்" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

ராணுவக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்காலியை இப்படி நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே படுத்திருக்கிற பெரியவரின் பையன் ஹைதராபாத்திலிருந்து வந்த பிறகுதான் எடுப்பார்கள், மத்தியானம் ஆகிவிடும். அதுவரை நானும் இங்கேதான் இருக்க வேண்டும். பெட்டியை விட்டுவிட்டுப் போகமுடியாது. யாராவது சார்ஜர் மாட்டுவதற்கு ப்ளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். நடந்திருக்கிறது. நீங்கள் உள்ளே மாலை போட்டுவிட்டு வந்ததும் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற படத்தைக் கேட்டீர்கள் பாருங்கள், அதற்குத்தான் சொல்ல வந்தேன். ஆமாம், அந்தப் படம்தான். ஆமாம், புகைக்குள் எழுந்து உட்கார்ந்திருப்பது நான்தான். முடிக்குச் சாயம் பூசிவிட்டார்கள், அதனால் சட்டென்று தெரியாது.

என்னிடம் அப்போது நான்கு ஃப்ரீசர் பெட்டி. ஈரோட்டில் தெரிந்தவரிடம் இரண்டு வாங்கி, இரண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். குமாரபாளையம் தாண்டி மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் சின்னதாக ஒரு வெள்ளைப் பலகை இருக்கும், பெயர் எழுத. முதல் பெட்டியில் 'அமரர் மோகன்ராம்' என்று எழுதிவிட்டேன். மற்ற ஐந்து பேரின் பெயரை அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போய் இறங்கினால் நூறு பேர் வரிசையில் நின்று பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் ஈரம் இல்லை. பருமனான ஒருவர் வந்து, "நான்தான் மோகன்ராம், புரொடக்‌ஷன் மேனேஜர்" என்று கை நீட்டினார். கை நீட்டியவர் கண் பலகையில் பட்டது.

தன் கைக்குட்டையாலேயே அதைத் துடைத்தார். அப்புறம் படப்பிடிப்பு முடிகிறவரை அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பின்னால் டைட்டிலில் என் பெயரைக் கவிழ்த்தது அவர்தான் என்பது என் அபிப்பிராயம். அதற்கு வருகிறேன்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூமியில் காற்று கெட்டுப்போகிறது. ஆறு பேரை உறைய வைத்து விண்கலத்தில் அனுப்புகிறார்கள். இருநூறு வருடம் கழித்து வேறொரு கிரகத்தில் எழுந்து இறங்குகிறார்கள். உறைய வைக்கிற பெட்டிக்கு ஆர்ட் டைரக்டர் ஒன்று செய்து பார்த்தாராம், அது பீரோ மாதிரி இருந்ததாம். அதனால் நிஜப் பெட்டியையே வரவழைத்துவிட்டார்கள். சுற்றிலும் வெள்ளித்தகடு ஒட்டி, உள்ளே நீல விளக்குப் போட்டு, பக்கத்தில் ஒரு மானிட்டர் வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, என் பெட்டி என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மானிட்டரில் மைனஸ் ஐந்நூறு டிகிரி என்று ஓடியது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் பாலிடெக்னிக்கில் குளிர்பதனப் பிரிவு படித்தவன், சார். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் ஐஸ் ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்தேன். டைரக்டரைத் தேடிப் போனேன். விதுரன் என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது, மரியாதையான பையன்.

"தம்பி, மைனஸ் இருநூத்தி எழுபத்தி மூணுக்குக் கீழ குளிரே கிடையாது. உலகத்துலயே கிடையாது" என்றேன்.

"நாம உலகத்துக்கு வெளிய போறோம் சார்."

"வெளியயும் கிடையாது."

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அன்றிலிருந்து நான் அந்த நாற்காலியில்தான். யாரும் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரும் போகச் சொல்லவும் இல்லை. தப்பாக ஒன்று கண்ணில் பட்டால் சொல்வேன். நிறையப் பட்டது. ஹீரோ எழுந்திருக்கும்போது நெஞ்சுவரை தாடி. உறைந்தவனுக்கு எப்படித் தாடி வளரும்? வளர்ந்தால் அவன் உறையவில்லை, தூங்கியிருக்கிறான். இருநூறு வருடம் தூங்கினான் என்றால் சோறு? இதைக் கேட்டதும் டைரக்டர் யோசித்தார். பிறகு ஹீரோ வேறொரு படத்துக்காகத் தாடி வளர்த்துக்கொண்டிருக்கிறார், எடுக்கமாட்டார் என்று தெரிந்தது. தாடி அப்படியே போயிற்று. அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்லக்கூடாது.

முக்கியமான ஓட்டை வேறு இருந்தது. உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீர் ஐஸ் ஆனால் பெருக்கும். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி ஃப்ரீசரில் வைத்தால் வெடிக்கிறதா இல்லையா? அதேபோல உடம்பில் ஒவ்வொரு செல்லும் வெடித்துவிடும். வீட்டு ஃப்ரீசரில் ஒரு தக்காளியை வைத்து, மறுநாள் எடுத்துக்கொண்டு போய் டைரக்டர் கையில் கொடுத்தேன். கல் மாதிரி இருந்தது. "கையில வெச்சிருங்க" என்றேன். ஒரு ஷாட் முடிவதற்குள் இளகி, தோல் தனியாகச் சாறு தனியாகச் சட்டையெல்லாம் ஆகிவிட்டது.

"சார், தியேட்டருக்கு யாரும் தக்காளி எடுத்துட்டு வரமாட்டாங்க" என்றார்.

"நான் வருவேன்" என்றேன்.

அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே, "சரி சார், இது நடக்கணும்னா என்ன பண்ணணும்? அதச் சொல்லுங்க" என்றார்.

பாருங்கள், ஒரு படித்த பையன் கேட்கவேண்டிய கேள்வி அது. கார் ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றுகிறோம், எதற்கு? மலைமேல் போனாலும் தண்ணீர் உறைந்து ரேடியேட்டரை உடைத்துவிடக் கூடாது என்று. அதேபோல ரத்தத்தை வடித்துவிட்டு உறையாத ஒரு திரவத்தை ஏற்றிவிட்டால் செல் உடையாது. வெளிநாட்டில் ஆராய்ச்சி நடக்கிறது, நான் பத்திரிகையில் படித்திருக்கிறேன். இன்னொன்றும் சொன்னேன். கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறார்கள். அந்த விந்து எங்கே இருக்கிறது? மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில், வருடக்கணக்காக. காளை செத்தே போயிருக்கும். ஆனால் ஊசி போட்டால் கன்று பிறக்கிறது. பிறக்கிறதா இல்லையா?

மறுநாள் வசனத்தை மாற்றிவிட்டார்கள். ஹீரோவின் அப்பாவாக வருகிற விஞ்ஞானி ஒரு தக்காளியை வெட்டி, இளகவைத்துக் காட்டுவாரே, "உயிர் போகல, அப்படியே நிக்குது, அவ்வளவுதான்" என்பாரே, கடைசி வரியைத் தவிர அது முழுக்க என்னுடையது. கூலன்டும் ஊசி போட்ட கன்றும் உண்டு. மானிட்டரில் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு என்று மாறியது. அந்தப் படத்தைப் பற்றி எழுதின எல்லோரும் பாட்டைத் திட்டினார்கள், சண்டையைத் திட்டினார்கள், அந்தக் காட்சியை மட்டும் யாரும் திட்டவில்லை. நம்பும்படி இருந்தது என்று எழுதினார்கள்.

அப்புறம் படுக்கிற பிரச்சினை. பெட்டி எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பூசணிக்காய் உடைத்தார்கள், ஐயரை வரவழைத்தார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அப்படியும் ஒருவரும் படுக்கவில்லை. ஹீரோயினின் அம்மா மகளைக் கேரவனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு முழு மத்தியானம் வேலை நின்றது. கடைசியில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். "மூடுங்க" என்றேன். மூடினார்கள். கண்ணாடி வழியே நூறு முகம் என்னைக் குனிந்து பார்க்கிறது. நான் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். உள்ளேயிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். திறந்ததும் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஹீரோ படுத்தார். மற்றவர்களும் படுத்தார்கள். மூன்றாவது பெட்டிக்கு வந்த துணை நடிகர் மட்டும் டீ குடிக்கப் போகிறேன் என்று போனவர் வரவே இல்லை. டைரக்டர் என்னைப் பார்த்தார். "சார், நீங்களே" என்றார்.

இருநூறு வருடம் கழித்து ஒருவன் எப்படி எழுந்திருப்பான்? நிதானமாக எழுந்திருப்பான். முதலில் விரல், பிறகு கண், பிறகு தோள். நான் அப்படித்தான் செய்தேன். யாரும் படுப்பதற்கு முன்பே, கம்ப்ரஸர் சத்தம் குறுக்கே வருகிறது என்று சவுண்ட் எஞ்சினியர் கத்தினார், மோட்டாரை நிறுத்திவிட்டு எடுத்தோம். உள்ளே புழுக்கம், வியர்வை, மேலே புகை மெஷின் புகை. ஆனால் திரையில் பார்த்தால் மூச்சே பனியாக வருகிற மாதிரி இருக்கும். ஆறு பேரில் நான் எழுந்திருப்பதுதான் இயற்கையாக இருக்கிறது என்று டைரக்டரே சொன்னார். 'அறிவியல் ஆலோசகர்: ஆர். சென்னியப்பன்' என்று தனி கார்டு போடுகிறேன் சார் என்று என் தோளில் கைவைத்துச் சொன்னார்.

என்ன போட்டார்கள் தெரியுமா? படம் முடிந்து, எல்லோரும் எழுந்து, கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்து நின்ற பிறகு, 'நன்றி' என்று ஒரு பட்டியல் ஓடியது. ஒரு கல்யாண மண்டபத்துக்கும் ஒரு ஜூஸ் கடைக்கும் நடுவில், 'சென்னியப்பன் ஃப்ரீசர் பாக்ஸ், பவானி'. என் சம்சாரம், "அதான் வந்துருச்சில்ல, வாங்க போலாம்" என்றாள். மோகன்ராம் வேலைதான். டைரக்டருக்குப் பலமுறை போன் செய்தேன். அடுத்த படத்தில் பிஸி.

அதனால்தான் இந்தப் படத்தை நானே அச்சடித்து ஒட்டினேன். 'திரையில் கண்ட அதே பெட்டி' என்று கீழே இருக்கிறது பாருங்கள். விளம்பரத்துக்கு இல்லை. எங்கள் தொழிலில் விளம்பரம் எதற்கு? ஒரு அங்கீகாரம், அவ்வளவுதான். ஒட்டி என்ன? துக்கவீட்டில் யார் அதைப் பார்க்கிறார்கள்? உங்களுக்கு முன்னால் என்னை அடையாளம் கண்டுகொண்டவர் ஒரே ஒருவர். அர்த்தநாரி என்று, திருச்செங்கோட்டுக்காரர்.

போன வருடம் நவம்பர். அவரே போன் செய்தார். திருச்செங்கோட்டிலேயே பெட்டி வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் தாண்டிப் பவானிக்குக் கூப்பிட்டார். தரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஒரு பெட்டி, பெயர் இலக்கியா. வயது இருபது, காலேஜில் படிக்கிற பெண். டெங்குக் காய்ச்சல். ஒரே பிள்ளை.

ரிக் வண்டி வைத்திருப்பவர் அவர். போர்வெல் போடுகிற லாரி, அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்குமே. ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய் ஆறுமாதம் துளைபோட்டுவிட்டு வருவார்கள். இறக்கி வைத்ததும் அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீங்கதானுங்க அது. மூணாவது பெட்டியில எந்திரிச்சவரு" என்றார்.

அந்த இடத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. "ஆமாங்க" என்றேன்.

"பாப்பா அந்தப் படத்த ரெண்டு தடவ பாத்துச்சு. என்னையும் கூட்டிட்டுப் போச்சு" என்றார். அப்புறம் கேட்டார், "உள்ள எத்தன டிகிரி வருமுங்க?"

"ரெண்டு டிகிரியில வெப்பேன். அதுக்குக் கீழ விட்டா முகம் கறுத்துப்போகும். நான் விடமாட்டேன்."

"கரன்ட் போனா?"

"கண்ணாடியத் திறக்காம இருந்தா நாலு மணி நேரம் தாங்கும்."

"கரன்டப் பத்திக் கவலைப்படாதீங்க" என்றார். அரைமணி நேரத்தில் ரிக் வண்டியோடு போகிற ஜெனரேட்டர் லாரி வாசலில் வந்து நின்றது. ஒரு தெருவுக்கே கரன்ட் கொடுக்கலாம். மெஷின் தெரிந்த மனிதர், சார். மற்ற வீட்டில் பெட்டியை இறக்கிவைத்தால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இவர் கம்ப்ரஸர் எத்தனை ஹெச்.பி., கேஸ் என்ன, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, எல்லாம் கேட்டார். நானும் எல்லாம் சொன்னேன். அப்படி ஒரு ஆளிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று.

முதல் நாள் பெண்ணின் சித்தப்பா கனடாவிலிருந்து வரவேண்டும் என்றார்கள். சித்தப்பா வந்தார். மறுநாள் எடுப்பார்கள் என்று இருந்தேன். பந்தல்காரர்கள் பாடை கட்ட மூங்கில் கொண்டுவந்து போட்டார்கள். அர்த்தநாரி வெளியே வந்து, "இன்னிக்கு வேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, அந்தக் கூலன்ட் விசயம் நெசந்தானுங்களா?"

"ஆராய்ச்சி நடக்குதுங்க. நான் படிச்சிருக்கேன்."

"ஊசி போட்ட கன்னு?"

"அது நம்ம ஊர்லயே நடக்குதுங்களே."

"ஆமாமா. எங்க தோட்டத்துலயே ரெண்டு பொறந்துருக்குது" என்றார். உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியில் ஈரம் படியும்போதெல்லாம் துண்டால் துடைத்தார். வேறு யாரையும் துடைக்கவிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நான் தண்ணீர் வடிகிற குழாயைப் பார்க்கக் குனிந்தபோதுதான் அதைக் கவனித்தேன். பெண்ணின் கால்மாட்டில், பட்டுப்புடவை மடிப்பில், ஒரு தக்காளி.

நான் கவனித்ததை அவரும் கவனித்தார். "திறங்க" என்றார். லேசாகத் திறந்தேன். கையை விட்டுத் தக்காளியை எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். சுற்றிச் சுற்றி அழுத்தினார். கெட்டியாக இருந்தது. வெட்டினார். விதையெல்லாம் விதையாக இருந்தது.

"பாருங்க" என்றார்.

"இது உறையலைங்க" என்றேன். "ரெண்டு டிகிரியில தக்காளி எங்க உறையும்? நம்ம ஃப்ரிட்ஜுல காய்கறி வெக்கறோமே, அந்த மாதிரிதான்."

"உறையலன்னா உடையல. அப்படித்தானுங்களே?"

சரியான கணக்கு. "அப்படித்தானுங்க" என்றேன்.

அவருடைய பெரிய மச்சான் கந்தப்பன் என்னைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அந்த வீட்டில் பொறுப்பாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஏனுங்க, வாசன வர ஆரம்பிச்சிருச்சு. அக்கம்பக்கத்துல பேசறாங்க. தாசில்தாருக்குப் போன் போட்டுட்டாங்களாம். போலீஸ் வந்து புள்ளைய எடுத்துட்டுப் போனா மாமா தாங்கமாட்டாரு. எங்க பேச்செல்லாம் எடுபடல. நீங்க சொன்னாக் கேப்பாரு. அந்தப் படம் பொய்யின்னு ஒரே வார்த்த சொல்லிப்போடுங்க. கால்ல வேணா விழறேன்."

நான் போனேன், சார். சொல்லவேண்டும் என்றுதான் போனேன். அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். வீடே என்னைப் பார்த்தது. ஆனால் பாருங்கள், அந்தப் படம் பொய் என்று நான் எப்படிச் சொல்வது? தாடி பொய். பாட்டு பொய். மற்றது? தக்காளி என்னுடையது, கூலன்ட் என்னுடையது, ஒவ்வொன்றும் யோசித்துச் சொன்னது. துக்கவீட்டில் உட்கார்ந்து பொய் சொல்ல எனக்கு வராது.

"தத்துவம் சரிதானுங்க" என்றேன். "நடைமுறைக்குத்தான் இன்னும் வரல."

கந்தப்பன் தலையில் கைவைத்தார். ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"எப்ப வருமுங்க?" என்றார் அர்த்தநாரி.

"அம்பது வருசம் ஆகலாம். நூறு வருசமும் ஆகலாம்."

"ஆயிரத்து எறநூறு அடிக்குக் கீழ தண்ணியே இல்லைன்னு ஜியாலஜிஸ்ட்டு எழுதிக் குடுத்த எடத்துல, அனந்தபூர் பக்கம், ஆயிரத்து முந்நூத்தம்பதுல எடுத்துக் குடுத்தவனுங்க நான். தோட்டக்காரன் போதும்னான், நிறுத்துன்னு கால்ல விழுந்தான். நான் ராடு சேத்துக்கிட்டே போனேன். வந்துச்சு" என்றார். "நான் நிறுத்தறவன் இல்லைங்க."

வாசலில் ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அந்த அம்மா எழுந்து வந்தார். தெய்வானை, அந்தப் பெண்ணின் தாயார். மூன்று நாளாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர், ஒரு வார்த்தை பேசிக் கேட்கவில்லை. அழுததைக்கூட நான் பார்க்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த என் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, நீங்க உள்ள படுத்தீங்களே. ரொம்பக் குளுருச்சுங்களா?"

"குளிரெல்லாம் இல்லைங்கம்மா" என்றேன். "வேர்த்துக் கொட்டுச்சு. மோட்டார நிறுத்திட்டுத்தான் எடுத்தாங்க. சத்தம் வருதுன்னு."

"நிறுத்திட்டா?" என்றார் அர்த்தநாரி.

"ஆமாங்க. சவுண்ட் எஞ்சினியரு நிறுத்தச் சொன்னாரு. ஆறு பெட்டியும் ஆஃபுல தான் இருந்துச்சு. புகை மேல விட்டது."

"ஓடற பெட்டியில யாரும் படுத்ததில்லைங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"உசுரோட யாரும் படுத்ததில்லைங்கம்மா."

இதை நான் முதல் நாளே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஹெச்.பி. கேட்டார்கள், கேஸ் கேட்டார்கள், டிகிரி கேட்டார்கள். இதைக் கேட்கவில்லை. கேட்காததை நான் எப்படிச் சொல்வது?

அர்த்தநாரி கையில் அந்தப் பாதித் தக்காளி இருந்தது. அதைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். விழுந்துவிடக் கூடாது என்பதுபோல, வெட்டின பக்கம் மேலே இருக்கும்படி நிதானமாக வைத்தார்.

"மூணு நாளா புள்ள குளுருல கெடக்குது. போதும்" என்றார் அந்த அம்மா. சுவரில் இருந்த சுவிட்சை அவரே அணைத்தார்.

கம்ப்ரஸர் நின்றதும் ஒரு அமைதி வரும், சார். நான் எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் காதில் விழாது. நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் ஒரு சத்தம் இருந்தது என்றே தெரியும். அர்த்தநாரி எழுந்து தடுக்கவில்லை. கந்தப்பன் வெளியே போய் ஆள்களைக் கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார்கள். கன்னிப்பெண் என்பதால் புதைத்தார்கள், அவர்கள் தோட்டத்திலேயே. குழி தோண்ட ஆள் வந்திருந்தும் அர்த்தநாரி மண்வெட்டியை வாங்கிக்கொண்டாராம். போதும் மாமா, போதும் மாமா என்று சொல்லிச் சொல்லி மேலே இழுக்கவேண்டியிருந்ததாம். நான் அங்கே போகவில்லை. பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லவருவது அதுவல்ல. அப்பேர்ப்பட்ட துக்கத்திலும் ஒரு மனிதர் என்னைப் பார்த்த நொடியில் மூன்றாவது பெட்டி என்று சொன்னார் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். மோகன்ராம் டைட்டிலிலிருந்து என் பெயரை எடுத்துவிடலாம். ஜனங்கள் மனதிலிருந்து எடுக்கமுடியுமா? டைரக்டர் இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறாராம். இந்தமுறை என்னை எழுத்துமூலமாகக் கேட்டால்தான் போவேன். ஒளியைவிட வேகமாகப் போகிற கலம் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. அது நடக்காது. அதை நம்பும்படி சொல்ல ஒரு வழி இருக்கிறது, யோசித்துவைத்திருக்கிறேன்.

ஹைதராபாத் கார் வந்துவிட்டது போலிருக்கிறது. நீங்கள் உட்காருங்கள், அவர்கள் அழுது முடிக்கட்டும். அந்தத் திருச்செங்கோட்டு வீட்டிலிருந்து அப்புறம் போன் வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? வந்தது. இந்த வருடம் பிப்ரவரி பதினேழாம் தேதி, காலை ஏழேகால் மணிக்கு. பேசியது அந்த அம்மா. ஒரு பெட்டி என்றார். பெயர் அர்த்தநாரி என்றார். அனந்தபூரில் ரிக் வண்டிக்குப் பக்கத்திலேயே நெஞ்சுவலியாம். படம் ஒட்டாத பெட்டி இருந்தால் அனுப்பச் சொன்னார். பழையது ஒன்று இருந்தது, அனுப்பிவைத்தேன்.